58 வரைபடங்கள், ஒரே படகு

மரக்கலங்களின் நூற்றாண்டு – 17

சென்ற அத்தியாயத்தில் பார்த்த வெர்ச்சு படகுக்குத் தகப்பன் யார் என்பதில் சந்தேகமே இல்லை. ஜாக் லாரன்ட் ஜைல்ஸ் வரைந்தார். அவர் பெயரோடு சேர்ந்தே அது கடல்களைத் தாண்டியது. இந்த முறை பார்க்கப்போகும் ஃபோக்போட்டும் ஏறக்குறைய அதே 25 அடி நீளம்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பால்டிக் கடலோரம் முழுக்க, ஊர் ஊராகக் கட்டப்பட்ட மரப் பாய்ப்படகு அது. ஆனால் அதன் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் எழுதவேண்டிய இடம் பல ஆண்டுகள் காலியாகவே கிடந்தது. காரணம், யாருமே வெற்றி பெறாத ஒரு போட்டியில் பிறந்த படகு இது.

போட்டியின் கதைக்குப் போகுமுன் ஸ்வீடனின் நிலைமையைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். 1938-ல் அந்த நாடு ஒரு சட்டம் போட்டது. சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை தொழிலாளிக்கும் உண்டு என்றது அந்தச் சட்டம். அதுவரை கோடையில் கடலுக்குப் போவது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு. இப்போது ஆலைத் தொழிலாளிக்கும் அலுவலக எழுத்தருக்கும் பதினான்கு நாள் கையில் இருந்தது. கண்ணெதிரே ஆயிரக்கணக்கான தீவுகள் சிதறிக் கிடக்கும் கரை. படகு மட்டும்தான் இல்லை.

மலிவான படகு வேண்டும் என்று அந்த நாட்டார் முயன்றது அதுதான் முதல் முறை என்று சொல்ல முடியாது. கோத்தன்பர்க் நகரின் அரச பாய்ப்படகுச் சங்கம் 1920-களின் இறுதியிலேயே இதே நோக்கத்தோடு ஒரு போட்டி நடத்தியிருக்கிறது. நார்வேயின் யோஹான் ஆங்கர் 1929-ல் வரைந்த டிராகன் அதில்தான் பிறந்தது. இரண்டு பேர் படுத்துறங்கவும் இடம் வைத்து வரையப்பட்ட படகு. ஆனால் அதன் அழகே அதற்கு வினையாக வந்தது. பந்தயக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். 1948-ல் ஒலிம்பிக் வகுப்பானது. 1960-ல் கிரேக்கப் பட்டத்து இளவரசர் கான்ஸ்டன்டைன் அதில் தங்கம் வென்றார். சாமானியனுக்கென்று வரைந்தது அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தது. ஃபோக்போட்டின் விதிகள் ஏன் அவ்வளவு கறாராக எழுதப்பட்டன என்பதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

ஐரோப்பாவில் போர் மூண்டது. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மானியப் படை டென்மார்க்கிலும் நார்வேயிலும் புகுந்தது. நடுநிலை நாடான ஸ்வீடனுக்கு மேற்குக் கடல்வழி அடைபட்டுப் போனது. அந்த நெருக்கடிக்கு நடுவில்தான் ஸ்காண்டிநேவியப் பாய்ப்படகுக் கூட்டமைப்பு வடிவமைப்பாளர்களை அழைத்தது. கேட்டது இவ்வளவுதான்: விலை குறைவாக இருக்க வேண்டும், கையாள எளிதாக இருக்க வேண்டும், வார இறுதியில் பந்தயம் ஓடவேண்டும், விடுமுறையில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தீவுகளுக்குள் போய்வர வேண்டும்.

58 வரைபடங்கள் வந்து குவிந்தன. நடுவர்கள் எல்லாவற்றையும் விரித்துப் பார்த்துவிட்டு, எதையும் அப்படியே ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றில் அடிவடிவம் பிடித்திருந்தது, இன்னொன்றில் பாய் அமைப்பு பிடித்திருந்தது. நல்லவற்றையெல்லாம் கோத்து ஒரே படகாக்குவது என்று முடிவானது. அந்த வேலையை டோர்ட் சுண்டேன் என்ற இளம் வடிவமைப்பாளரிடம் கொடுத்தார்கள்.

குழு உட்கார்ந்து வடிவமைத்த பொருள் பெரும்பாலும் உருப்படாது. ஒருவருக்கு ஒன்று பிடிக்கும், எல்லாரையும் சமாதானம் செய்யப்போய் கடைசியில் எதற்கும் உதவாத ஒன்று நிற்கும். இங்கே அப்படி ஆகவில்லை. குழு சொன்னது என்ன வேண்டும் என்பதை. அதைக் கோடாக்கியது ஒரு கை. படகு வடிவமைப்பில் ஆசைகளின் பட்டியல் எளிது. அணியத்தில் தொடங்கி அமரத்தில் முடியும் ஒரு வளைவை எங்கும் முண்டாமல் முடிச்சிடாமல் இழுத்துக்கொண்டு போவதுதான் கடினம். பல பேர் கருத்திலிருந்து வந்த உறுப்புகளை ஒரே உடம்பாக்கிய அந்த வளைவு சுண்டேனுடையது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு, பின்னால் வருகிறது.

போர்க்காலத்தில் இந்தத் திட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கப்பல் முதலாளி ஸ்வென் சாலேன். பாய்ப்படகு உலகில் அவர் பெரிய பெயர். 1926-ல் இத்தாலியின் ஜெனோவா துறைமுகப் பந்தயத்தில், பாய்மரத்தையும் தாண்டிப் பின்னால் நீளும் பெரிய முன்பாய் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து எல்லாரையும் அசத்தியவர் அவர்தான். இன்று உலகம் முழுக்க ஜெனோவா என்று வழங்கும் பாய் அது. அப்படிப்பட்டவர் ஆதரித்த ஃபோக்போட்டின் வகுப்பு விதியில் ஜெனோவாவுக்கு இடமில்லை. காற்று பின்னாலிருந்து வரும்போது விரிக்கும் பலூன் போன்ற ஸ்பின்னேக்கருக்கும் இடமில்லை. ஒரு பெரும்பாய், ஒரு சின்ன முன்பாய், அவ்வளவுதான். பாய் ஒவ்வொன்றும் பணம். பணம் கூடினால் பந்தயம் பணக்காரனுடையதாகிவிடும்.

முதல் ஃபோக்போட் 1942 ஏப்ரல் 23 அன்று கோத்தன்பர்க்கில் தண்ணீரில் இறங்கியது.

அளவுகளைப் பார்ப்போம். மொத்த நீளம் 7.68 மீட்டர். தண்ணீர் தொடும் நீளம் 6 மீட்டர். அகலம் 2.20, நீருக்கடியில் ஆழம் 1.20. பாய்ப்பரப்பு 24 சதுர மீட்டர். எடை ஏறக்குறைய 2 டன். அதில் பாதிக்குமேல், அதாவது ஒரு டன்னுக்குச் சற்றுக் கூடுதலாக, அடியில் ஏரா என்னும் அடிமரத்தோடு போல்ட் போட்டு இறுக்கிய வார்ப்பிரும்பு. ஈயம் இரும்பைவிடக் கனமானது, இன்னும் ஆழத்தில் பாரத்தைக் குவிக்க உதவும், ஆனால் விலை அதிகம். அதனால் இரும்பு. இந்தப் பாதிக்குப் பாதி விகிதத்தில்தான் படகின் குணமே இருக்கிறது. பலத்த காற்றில் மற்றச் சிறு படகுகள் பாயைச் சுருக்கத் தொடங்கும் வேளையில் ஃபோக்போட் ஓர் அளவுக்குச் சாய்ந்து, பிறகு அந்தச் சாய்விலேயே ஊன்றி நின்று, முழுப்பாயோடு ஓடும்.

முன்பக்கம் ஏரா செங்குத்தாக இறங்காமல் சரிந்து இறங்கும். அதனால் நீரில் உரசும் பரப்பு குறைகிறது, திரும்புவதும் எளிதாகிறது. பின்பக்கம் தட்டையான பலகை, அதுவும் நன்றாகச் சாய்ந்தது. அந்தச் சாய்விலேயே சுக்கான் வெளியே தொங்கும். சுக்கானில் பழுது என்றால் கழற்றிக் கையில் எடுத்துப் பார்க்கலாம். உள்ளே மறைத்துவைத்த குழாயோ தண்டோ கிடையாது. கட்டும் செலவு குறைந்தது, நடுக்கடலில் தனியாகப் போகிறவனுக்குக் கவலையும் குறைந்தது. பிற்காலத்தில், காற்றைப் பார்த்துத் தானே திசை பிடிக்கும் கருவிகள் வந்தபோது, வெளியே தொங்கிய இந்தச் சுக்கானில் அவற்றைப் பொருத்துவது எளிதாக இருந்தது. 1942-ல் இதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பலகை வேலைக்கு வருவோம். நம் கரையில் தோணிகளுக்குப் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, இடைவெளியில் பஞ்சு திணித்துக் கலப்பத்துப் பார்ப்பார்கள். ஃபோக்போட்டில் அந்த முறை இல்லை. ஓட்டுக்கூரையில் ஓடு மேல் ஓடு ஏறியிருப்பதுபோல் ஒவ்வொரு பலகையும் அடுத்த பலகையின் விளிம்பில் ஏறி உட்காரும். வைக்கிங்குகளின் கப்பல்கள் இப்படித்தான் கட்டப்பட்டன. நார்வே மண்ணில் தோண்டியெடுத்த 9-ம் நூற்றாண்டு ஒசபெர்க், கோக்ஸ்டாட் கப்பல்களில் இன்றும் பார்க்கலாம். பலகை ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன்தான். ஆனால் இரண்டு பலகை ஏறும் ஒவ்வொரு இடத்திலும் தடிமன் இரட்டிப்பாவதால், உடம்பு நெடுக வலுவான வரிகள் ஓடுவதாக ஆகிவிடுகிறது.

இரண்டு பேர் வேண்டும் இந்த வேலைக்கு. வெளியே நிற்பவர் துளையில் செப்பாணியைச் செலுத்தி, அதன் தலையில் கனத்த இரும்பைத் தாங்கிப் பிடிப்பார். உள்ளே குனிந்திருப்பவர் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி முனையில் நடுவே ஓட்டை போட்ட சின்னச் செப்பு வட்டை மாட்டி, பலகையோடு அழுந்தும்வரை தட்டுவார். மிச்ச முனையைக் கத்தரித்துவிட்டு, வட்டின் மேல் தலை பரவும்வரை சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டுவார். பலத்த அடி விழுந்தால் ஆணி மரத்துக்குள்ளேயே வளைந்துவிடும். ஒரு படகுக்கு இப்படி ஆயிரக்கணக்கான ஆணிகள். பிறகு ஓக் மரச் சட்டங்களை நீராவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் உள்ளே வளைத்து அழுத்தி வங்குகளாக்க வேண்டும். சுடச்சுட எடுத்த சட்டம் நிமிடக் கணக்கில்தான் வளையும்.

கடினமான வேலை, ஆனால் புதிய வேலை இல்லை. டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் மீன்பிடிப் படகு கட்டுகிற எந்தச் சின்னப் பட்டறைக்கும் இது பரம்பரைத் தொழில். சிறப்பு எந்திரம் வேண்டாம், நகரத்து நிபுணர் வேண்டாம். வரைபடம் மட்டும் வந்தால் போதும். போருக்குப் பின் இந்தப் படகு அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அதன் அழகைவிட இதுதான் பெரிய காரணம். ஸ்வீடன், டென்மார்க், ஜெர்மனி, பின்லாந்து என்று பால்டிக்கைச் சுற்றிலும் கட்டினார்கள். 1950-களில் டென்மார்க்கில் கட்டிய படகுகள் கப்பலேறி அமெரிக்கா போயின. கோடைப் பிற்பகலில் காற்று அறைகிற சான் பிரான்சிஸ்கோ விரிகுடா அந்த இரும்புப் பாரத்துக்கென்றே அமைந்த இடம். அங்கே ஒரு பெரிய ஃபோக்போட் கூட்டம் உருவாகி இன்றும் பந்தயம் ஓடுகிறது. எல்லாம் சேர்த்து 4,000-க்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டதாகக் கணக்கு.

குறையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். படகு தண்ணீருக்கு மிக நெருக்கமாக உட்கார்ந்திருப்பதால் அலை அடித்தால் ஓட்டுகிறவர் நனையாமல் இருக்க முடியாது. அறைக்குள் யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. உட்கார்ந்து தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் சாப்பிடலாம், படுக்கலாம். வயதான படகுகளில் வயிறு வளைகிற இடத்தில் வங்குகள் விரிசல் விடும். பழைய ஃபோக்போட் வாங்கப் போகிறவர்கள் முதலில் டார்ச் விளக்கோடு அடிப்பலகையைத் தூக்கிப் பார்ப்பது அந்த வளைவைத்தான். அடுத்து, இரும்புப் பாரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை.

இனி இந்தப் படகை உலகம் திரும்பிப் பார்க்கவைத்த மனிதரைப் பற்றி.

ஹெர்பர்ட் ஹாஸ்லர், பிரிட்டிஷ் ராயல் மரீன்ஸ் அதிகாரி. பொன்னிற மீசை காரணமாக 'பிளாண்டி' என்பது அவரது அழைப்புப் பெயர். 1942 டிசம்பரில், துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு கானோக்களில் ஆட்களோடு பிரான்ஸின் கிரோந்து ஆற்றில் இரவிரவாக ஏறி, போர்தோ துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் வெடிகளை ஒட்டிவிட்டு வந்தவர். பத்து பேர் புறப்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்கள் அவரும் இன்னொருவரும் மட்டும். போர் முடிந்த பிறகு அவர் மனம் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டது. ஒற்றை ஆள், உடல் வருத்தம் அதிகமில்லாமல், சின்னப் படகில் பெருங்கடலைக் கடக்க முடியுமா?

அதற்காக அவர் 1953-ல் கட்டிய படகுக்கு ஜெஸ்டர் என்று பெயர். உடம்பு ஃபோக்போட்டின் உடம்பு. ஆனால் பலகைகள் ஏறியிருக்காமல் விளிம்போடு விளிம்பு சேர்ந்த வழவழப்பான கட்டு. மேற்பகுதியை முழுவதும் மூடி, நடுவில் ஒரு வட்டத் திறப்பு மட்டும் வைத்தார். அதற்குள் இடுப்பளவு நின்றபடி எல்லாக் கயிறும் கைக்கு எட்டும்படி அமைத்தார். முதலில் வைத்த பாய் அமைப்பு திருப்தி தரவில்லை. பிறகு சீன மரக்கலங்களின் ஜங்க் பாய்க்கு மாறினார். இறுக்கிப் பிடிக்கும் கயிறுகளே இல்லாத ஒற்றைப் பாய்மரம், குறுக்கே மூங்கில் சட்டங்கள்போல் கழிகள் பதித்த ஒற்றைப் பாய். காற்று கூடினால் ஒரு கயிற்றைத் தளர்த்தினால் போதும், பாய் மடிப்பு மடிப்பாகத் தானே கீழிறங்கும். நடுஇரவில் வழுக்கும் மேல்தளத்தில் தவழ்ந்து போகவேண்டிய அவசியமே இல்லை. பின்னால் காற்றுத் திசைகாட்டும் தகடு ஒன்று சுக்கானைத் திருப்பிப் படகை ஓட்டியது.

இதைச் சோதித்துப் பார்க்க ஹாஸ்லர் நினைத்த வழி, அட்லாண்டிக் குறுக்கே ஒற்றை ஆள் பந்தயம். கேட்டவர்கள் பலரும் தயங்கினார்கள். கடைசியில் அப்சர்வர் ஞாயிறு இதழ் ஆதரவு தர, 1960 ஜூன் 11 அன்று இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து நியூயார்க்கை நோக்கிப் புறப்பாடு. கிட்டத்தட்ட 3,000 கடல் மைல், பெரும்பாலும் எதிர்காற்று. மொத்தம் ஐந்தே பேர். பிரான்சிஸ் சிசெஸ்டரின் ஜிப்ஸி மாத் III ஏறக்குறைய 12 மீட்டர். மற்ற நான்கும் 8 மீட்டருக்கு உட்பட்டவை. அந்த நான்கில் இரண்டு ஃபோக்போட் உடம்புகள்: ஹாஸ்லரின் ஜெஸ்டர், வேல்ஸ்காரர் வால் ஹவல்ஸின் எய்ரா. சென்ற வாரத்துக் கதாநாயகனான வெர்ச்சு வகையில் ஒன்றை டேவிட் லூயிஸ் ஓட்டினார். புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே பாய்மரம் முறிந்து, திரும்பிவந்து சரிசெய்துகொண்டு மறுபடி கிளம்பியவர் அவர்.

சிசெஸ்டர் 40 நாளில் முதலாவதாக வந்தார். ஹாஸ்லர் 48 நாளில் இரண்டாவது. நீளத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பெரிய படகுக்கும் அவருக்கும் எட்டு நாள் வித்தியாசம்! நீண்ட படகுக்கு வேகம் கூடும் என்பது நீரியல் விதி. 6 மீட்டர் நீர்க்கோடு உள்ள படகு மணிக்கு ஆறு கடல் மைலைத் தாண்டுவதே பெரும்பாடு. அதை வைத்துப் பார்த்தால் வெற்றி சிசெஸ்டருடையது என்றாலும், அந்தப் பந்தயத்தின் உண்மையான விடை ஹாஸ்லருடையது என்பேன். ஐந்து பேரும் உயிரோடு அக்கரை சேர்ந்தார்கள். ஒற்றை ஆள் கடற்பயணம் பைத்தியக்காரத்தனம் என்ற பேச்சு அன்றோடு வலுவிழந்தது.

1964-ல் ஜெஸ்டர் கடல்வழி அறிஞர் மைக் ரிச்சியின் கைக்குப் போனது. அவர் கால் நூற்றாண்டு அதை ஓட்டினார். 1988-ல் அதே அட்லாண்டிக் பந்தயத்தின்போது கனடாவின் கிழக்குக் கடற்பகுதியில் புயலில் உருண்டது. ரிச்சியை ஒரு கப்பல் காப்பாற்றியது, படகைக் கைவிட வேண்டியதாயிற்று. நண்பர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய அளவுகளிலேயே மரத்தில் புதிய ஜெஸ்டர் ஒன்று கட்டப்பட்டு 1992-ல் ரிச்சியோடு மறுபடி அட்லாண்டிக் புறப்பட்டது.

பசிபிக் பக்கமும் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். 1965-ல் ஷரன் சைட்ஸ் ஆடம்ஸ் என்ற பெண்மணி, டென்மார்க்கில் கட்டிய ஃபோக்போட் ஒன்றில் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குத் தனியாகப் போனார். 39 நாள். அந்த வழியில் தனியாகப் போன முதல் பெண் அவர்.

1970-களின் நடுவில் ஃபோக்போட் வகுப்புக்கும் கண்ணாடியிழை வந்தது. பல மர வகுப்புகளை அதுதான் கொன்றது. புதுப் படகு வேகமாக ஓடும், பழையது கரையில் மக்கும். ஃபோக்போட்காரர்கள் இதை எதிர்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. டென்மார்க்கில் ஒரு நல்ல மரப்படகையே அச்சாக வைத்து வார்த்தார்கள். பலகை மேல் பலகை ஏறிய வரிகள்கூட அந்த வார்ப்பில் அப்படியே விழுந்தன. எடை, பாரம், பாய் எல்லாம் மரப்படகோடு ஒத்துப்போகும்படி விதியில் கட்டிப்போட்டார்கள். அதனால் 1950-ல் ஆணி அடித்த படகும் புதிய வார்ப்பும் இன்றும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகின்றன.

சுண்டேன் கதைக்கு இப்போது வரலாம். ஃபோக்போட் ஆயிரக்கணக்கில் பெருகியபோதும் அது கூட்டமைப்பின் படகாகவே அறியப்பட்டது. கட்டிய ஒவ்வொரு படகுக்கும் வரவேண்டிய உரிமைத்தொகை அவருக்கு வரவில்லை. வடிவமைப்பாளர் என்ற பெயரும் வெகுகாலம் முழுமையாக வரவில்லை. நடுவர்கள் தரப்பில் நியாயம் உண்டு: கருத்துகள் பல பேருடையவை, செலவு கூட்டமைப்புடையது. ஆனால் இந்தத் தொடருக்காக எத்தனையோ கோட்டு வரைபடங்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கருத்துகளைச் சேர்த்துவைத்தால் படகு ஆகிவிடாது. கோடு போட்டவருக்குப் பெயர் கொடுத்திருந்தால் யாருக்கும் எதுவும் குறைந்திருக்காது. அன்று செய்யாதது அநியாயம்தான்.

அவர் சும்மா முடங்கிவிடவில்லை. 1960-களின் பிற்பகுதியில், தன் பழைய படகையே அடிப்படையாக வைத்து, கண்ணாடியிழைக்கென்றே வழவழப்பான உடம்போடு புதிய படகு ஒன்றை வரைந்தார். சற்று நீளம், சற்று உயரம், கொஞ்சம் தாராளமான அறை. மாரியேஹோல்ம் நிறுவனம் கட்டியது. இன்டர்நேஷனல் ஃபோக்போட் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு எதிர்ப்பு எழுந்ததால் 'ஐ.எஃப். படகு' என்ற சுருக்கமே நிலைத்தது. 3,000-க்கும் மேல் விற்றது. இந்த முறை வடிவமைப்பாளர் யார் என்று யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் லிமிங்டனில் ஃபோக்போட் ஓட்டிப் பழகிய டேவிட் சாட்லரும் படகு கட்டுநர் ஜெரமி ராஜர்ஸும் அந்த உடம்பை வைத்து இன்னொரு சோதனையில் இறங்கியிருந்தார்கள். கான்டெஸ்ஸா 26 என்று பெயர் பெற்ற அந்தப் படகில்தான், 1985-ல் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி நியூயார்க்கிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டாள். டானியா ஏபியின் அந்தப் பயணமும் படகும் அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)